சாய்த்து வைத்த சக்கரங்கள்

மாடல் டி காரோடு ஃபோர்டு நிறுவனம் கொடுத்த கையேடு கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டது. வண்டியை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தி, எதிரே நின்று பார்க்கும் எவருக்கும் எழக்கூடிய சந்தேகம் ஒன்றையும் அது முன்கூட்டியே தீர்த்து வைத்தது. முன்சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் விரிந்து, கீழ்பக்கம் ஒடுங்கி நிற்கின்றனவே, இது கோளாறா? கோளாறு இல்லை என்றது கையேடு. மேல் விளிம்புகளுக்கு இடையிலான தூரம் கீழ் விளிம்புகளுக்கு இடையில் உள்ளதைவிட ஏறக்குறைய 3 அங்குலம் கூடுதலாகத்தான் இருக்கும். திருப்புவதற்கு அது நல்லது, வளைவில் டயர் தேயாது. ஆனால் சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சேர்வது மட்டும் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

அந்தக் காரின் முன்சக்கரத்துக்கு 30 அங்குல விட்டம். கணக்குப் போட்டால் பக்கத்துக்குச் சுமார் 3 டிகிரி சாய்வு வருகிறது. இன்றைய சாதாரணக் கார் எதிலாவது முன்சக்கரம் இப்படி நின்றால் மெக்கானிக் முதலில் கேட்பது, வண்டி எங்கே மோதியது என்பதாகத்தான் இருக்கும்.

வீல் அலைன்மெண்ட் என்றால் சக்கரங்களை நேராக நிமிர்த்தி வைப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த வேலையின் வரலாற்றில் சக்கரங்கள் முழுக்க நேராக நின்ற காலம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வண்டி நேராக ஓடட்டும் என்று சக்கரத்தைச் சாய்த்தார்கள். சாய்த்ததால் வந்த தொல்லையைத் தீர்க்க உட்பக்கம் திருப்பினார்கள். ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரட்டும் என்று அச்சையே பின்னுக்குச் சரித்தார்கள். பட்டறைகளில் கேம்பர், டோ, காஸ்டர் என்று இன்று சொல்லப்படும் மூன்றும் இவைதான். ஒவ்வொரு கோணமும் ஏதோ ஒரு காலத்துச் சாலைக்கோ டயருக்கோ சொன்ன மருந்து. நோய் போன பிறகும் மருந்து நின்றுவிடவில்லை, அளவு மட்டும் குறைந்தது.

ஃபோர்டுக்கு இந்தக் கோணலைக் கற்றுக்கொடுத்தவர்கள் குதிரைவண்டித் தச்சர்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாரவண்டிச் சக்கரம் தட்டையானதல்ல. குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து போய் வட்டையில் சேரும். குதிரை நடக்கும்போது வண்டி இடமும் வலமுமாக ஆடும்; அந்த ஆட்டத்தில் பாரம் முழுதும் சக்கரத்தைப் பக்கவாட்டில் இடிக்கும். தட்டைச் சக்கரம் அந்த இடியில் பிரிந்துபோகும், குழிவான சக்கரம் தாங்கும். ஆனால் குழிவான சக்கரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் பாரம் சுமக்கும் கீழ் ஆரக்கால் சாய்ந்து நிற்குமே! அது நிமிர வேண்டும் என்று அச்சின் முனையைக் கீழ்நோக்கி வளைத்தார்கள். கீழ் ஆரக்கால் நிமிர்ந்தது, சக்கரத்தின் தலைப்பாகம் வெளியே சரிந்தது. வண்டிக்கூடு மேலே அகலமாக இருக்க இடமும் கிடைத்தது.

அதோடு கதை முடியவில்லை. கீழ்நோக்கி வளைந்த அச்சில் சுழலும் சக்கரம் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து கடையாணியை அறுக்கப் பார்க்கும். அதைத் தடுக்க அச்சு முனையை ஒரு மயிரிழை முன்னோக்கியும் வளைத்தார்கள். சக்கரம் கடையாணியை விட்டு உட்பக்கம் ஒட்டி ஓடியது. இன்றைய டோ-இன் இதன் பேரப்பிள்ளை. டயர், ஸ்டீயரிங் என்று எதுவும் பிறப்பதற்கு முன்பே, கொல்லனின் சம்மட்டி அடியில் அது இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1753இல் கொண்டுவந்த சட்டம், சுங்கச்சாலைகளில் ஓடும் பாரவண்டிகளுக்கு 9 அங்குல அகலச் சக்கரம் வேண்டும் என்றது. அகலச் சக்கரம் சாலையை ரோலர் மாதிரி சமப்படுத்தும் என்பது எண்ணம். சாய்ந்த அச்சில் அவ்வளவு அகலமான பட்டையை மாட்டினால் அது கூம்பாகத்தான் இருக்க முடியும். கூம்பை உருட்டினால் நேராக ஓடாது. தன் முனையைச் சுற்றி வட்டமடிக்கும். அதை வலுக்கட்டாயமாக நேரே இழுத்துக்கொண்டு போனால் பட்டையின் ஒரு ஓரம் உருளும், மறு ஓரம் தரையில் தேயும். சாலை அரைபடும், குதிரை களைக்கும். இதை அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1790களின் கடைசியில் சோதனைகள் செய்து காட்டினார். சக்கர விளிம்பின் வடிவம் சாலையை என்ன செய்கிறது என்று தனி நூலே எழுதினார். வளைகுழாயில் நீர் நிற்கும் கழிப்பறைக்கு 1775இல் காப்புரிமை பெற்றவரும் இவர்தான். உலகம் அவரைக் கழிப்பறைக்காக நினைவில் வைத்திருக்கிறது. கேம்பர் இருந்தால் டயர் ஏன் பக்கவாட்டில் இழுபடுகிறது என்ற கேள்விக்கு விடை சொன்னதற்காகவும் வைத்திருக்கலாம்.

அடுத்த சிக்கல் திரும்புவது.

பழைய நான்கு சக்கர வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே ஆணியில் சுழலும். கூர்மையாகத் திருப்பினால் அச்சு வண்டிக்கு அடியில் குறுக்காகப் போய்விடும். தாங்கும் அகலம் குறைந்து வண்டி கவிழும். முன்சக்கரம் வண்டிக்கு அடியில் நுழைய வேண்டியிருந்ததால் அதைச் சிறிதாகவும் செய்ய வேண்டியிருந்தது. சார்லஸ் டார்வினின் தாத்தாவான மருத்துவர் எராஸ்மஸ் டார்வின், நோயாளிகளைப் பார்க்க ஊர் ஊராக வண்டியில் அலைந்தவர்; கவிழாத வண்டிக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர். 1768இல் வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டதும் அவரே.

காப்புரிமை வரை போன தீர்வு மியூனிக்கிலிருந்து வந்தது. அரசவைக்கு வண்டி செய்த கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர், அச்சை அசையாமல் வைத்து, இரு முனைகளிலும் சக்கரங்களைத் தனித்தனி முளைகளில் திருப்பினார். அவருடைய லண்டன் முகவர் ருடோல்ஃப் ஆக்கர்மன் 1818இல் தம் பெயரில் காப்புரிமை எடுத்தார். இந்த ஆக்கர்மன் சாக்சனியிலிருந்து வந்தவர். வண்டி வடிவமைப்பில் தொடங்கி, ஸ்ட்ராண்ட் தெருவில் ஓவிய அச்சுகளும் இதழ்களும் விற்கும் பெரிய கடைக்காரர் ஆனவர். நெல்சன் பிரபுவின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஸ்டீயரிங் பொறியியலில் இன்றுவரை நிற்பது அவர் பெயர். வேலை செய்தவர் பெயர் பாடநூல் அடிக்குறிப்பில் ஒதுங்கிக் கிடக்கிறது.

லண்டன் வண்டிக்காரர்கள் அதைப் பெரிதாக வரவேற்கவில்லை. ஒற்றை ஆணி இருந்த இடத்தில் பல முளைகள், பல இணைப்புகள்; தேய்ந்தால் யார் பார்ப்பது? குதிரைதான் திருப்புகிறது, அதற்குக் கோணக் கணக்கு எதற்கு? அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த யோசனை தூங்கியது. எழுப்பியது நீராவி. பிரான்சின் லெ மான் நகரில் மணி வார்க்கும் குடும்பத்தில் பிறந்த அமேதே போல்லே, 1873இல் செய்த பெரிய நீராவி வண்டியில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் திருப்பினார். பாரிஸ் வண்டிக்காரர் ஷார்ல் ஜாந்தோ 1878இல் அதற்கு வடிவக் கணிதம் கொடுத்தார்: இரண்டு ஸ்டீயரிங் கைகளையும் நீட்டிக் கோடு இழுத்தால் அவை பின்னச்சின் நடுவில் சந்திக்க வேண்டும்.

எதற்காக? வளைவில் உள்சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிச்சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டரும் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டரும் உள்ள ஒரு சிறிய கார், 6 மீட்டர் ஆர வளைவில் திரும்புகிறது என்று கொள்ளலாம். உள்சக்கரம் 24 டிகிரி திரும்ப வேண்டும், வெளிச்சக்கரத்துக்கு 20 டிகிரி போதும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதாவது ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் வரும்.

கார்ல் பென்ஸுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. 1886இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம் அமைந்ததற்கு முக்கியக் காரணம், இரண்டு முன்சக்கரங்களை ஒழுங்காகத் திருப்பும் வழி பிடிபடாததுதான். ஏழு ஆண்டுகள் கழித்து, 1893இல் முளை ஸ்டீயரிங்குக்குத் தாமே காப்புரிமை எடுத்த பிறகு வந்த விக்டோரியா வண்டிக்குத்தான் நான்கு சக்கரம் கிடைத்தது.

ஆனால் வேகம் கூடியபோது இன்னொரு குறை தெரிந்தது. ஆரம்பகாலக் கார்கள் பெரும்பாலானவற்றில் வட்ட ஸ்டீயரிங் இல்லை, நெம்புகோல்தான். கல்லில் ஏறினால் அது கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். விட்டால் நடுவுக்குத் திரும்பாது. பன்ஹார்டு நிறுவனத்தின் எமில் லெவாசோர் 1896 பாரிஸ்–மார்செய் பந்தயத்தில் குறுக்கே வந்த நாயால் கவிழ்ந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் இறந்துபோனார். அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்த வந்தவர் ஆர்துர் கிரெப்ஸ். 1884இல் பறந்த ‘லா ஃபிரான்ஸ்’ ஆகாயக் கப்பலை உருவாக்கிய இருவரில் ஒருவர். முன்சக்கரம் திரும்பும் அச்சைச் சரித்து வைத்தால் வண்டி தானாக நேராகும் என்று 1896இலேயே காப்புரிமை எழுதியிருந்தார். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளும் திசைக்குப் பின்னால் தானே திரும்பிக்கொண்டு வருவதைப் பார்த்தால் காஸ்டர் புரிந்துவிடும். தரையைத் தொடும் இடம், திருப்பும் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவே. வளைவு முடிந்து ஸ்டீயரிங்கைத் தளர்த்தியதும் அது கைக்குள் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வருகிறதே, அது கிரெப்ஸின் புண்ணியம்.

சென்னையிலும் குதிரைவண்டிப் பட்டறைதான் மோட்டாருக்குக் கதவைத் திறந்தது. 1840இல் தொடங்கி, குதிரைவண்டி கட்டிப் பெயர் வாங்கியது சிம்ப்சன் நிறுவனம். அங்கு பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். குடமும் ஆரக்காலும் தெரிந்த கைகளுக்கு ஸ்டீயரிங் அச்சு அந்நியமாக இருந்திருக்காது.

20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் முன் அச்சு ஒரே இரும்புத் தண்டு. கேம்பரும் அச்சின் சாய்வும் உலையில் அடிக்கும்போதே அதில் வந்துவிடும். உரிமையாளர் பார்க்க வேண்டியது டோ ஒன்றைத்தான். அதற்கு ஒரு சாக்பீஸும் கம்பியும் போதும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றி டயரின் நடுவில் கோடு கிழித்து, இறக்கி, வண்டியைச் சற்று முன்னால் உருட்டி நிறுத்தி, அச்சு உயரத்தில் முன்பக்கக் கோடுகளின் தூரத்தையும் பின்பக்கக் கோடுகளின் தூரத்தையும் அளப்பார்கள். வித்தியாசம்தான் டோ. ஜாக்கியிலிருந்து இறக்கிய இடத்திலேயே அளந்தால் கணக்குத் தப்பும். தொங்கிக்கிடந்த சக்கரங்கள் தம் இயல்பான நிலைக்கு வந்திருக்காது. எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர், பல வண்டிகளுக்குச் சொல்லப்பட்ட அளவு.

3 மில்லிமீட்டர் என்ன பெரிய அளவு என்று தோன்றும். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் அது 200க்கு 1. இரு முன்சக்கரங்களும் தம் போக்கில் உருண்டால் ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றையொன்று 5 மீட்டர் நெருங்கியிருக்கும். அச்சு விடாது, எனவே அந்த 5 மீட்டரையும் ரப்பர் தரையில் தேய்த்துக் கழிக்கும். பழைய வண்டிகளில் கேம்பர் சக்கரத்தை வெளியே இழுக்க, டோ உள்ளே இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்தன. கேம்பர் போய் டோ மட்டும் தங்கினால் ஈடு செய்ய எதுவும் இல்லை.

1923இல் எல்லாம் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோனும் பிரான்சில் மிஷெலினும் குறைந்த அழுத்தக் காற்றே போதுமான தடித்த டயர்களை அந்த ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தன. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி போகலாம் என்று வாங்கியவர்களுக்கு வேறொரு அனுபவம் கிடைத்தது. குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெறிபிடித்து ஆடின. ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை. அதே ஆண்டுகளில் முன்சக்கரங்களுக்கும் பிரேக் வந்து சேர்ந்ததால் அச்சின் எடையும் கூடிவிட்டது. அமெரிக்காவில் அந்த ஆட்டத்துக்கு அப்போது பிரபலமாக இருந்த ஒரு நடனத்தின் பெயரையே வைத்தார்கள்: ஷிம்மி.

பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூயே 1925இல் பாரிசில் படித்த கட்டுரை இதன் மூலத்தைத் தேடியது. அவர் கண்டது ஷிம்மியைவிடப் பெரிய விஷயம். காற்று டயர் பக்கவாட்டு விசையைத் தாங்கும்போது, அது பார்க்கும் திசையும் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. சிறு கோணத்தில் நழுவிக்கொண்டேதான் போகிறது. ஆக்கர்மன், ஜாந்தோ ஆகியோரின் கணக்கு நழுவாத மரச்சக்கரத்துக்குப் போட்டது. ரப்பருக்கு வேறு கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கைக் காருக்குள் கொண்டுவந்தவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ்-ராய்ஸின் அமெரிக்கக் கிளையில் இருந்த அவர் 1930இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தார். பெரிய காடிலாக் கார் ஒன்றில் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, எப்படி அமைத்தால் பயணம் சுகமாகிறது என்று ஓட்டிப் பார்த்தார். ஷிம்மிக்கு அவரும் உடனிருந்தவர்களும் கண்ட முக்கியக் காரணம் ஒற்றைத் தண்டு அச்சு. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சு சாயும், இரு சக்கரங்களும் சாயும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் மறுபடி சாயும். இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டுமானால் சக்கரங்களைப் பிரிக்க வேண்டும். லான்சியா நிறுவனம் 1922இலேயே லாம்டா காரில் முன்சக்கரங்களைப் பிரித்திருந்தது. 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தபோதுதான் அது பெருவழக்கானது.

அலைன்மெண்ட் தொழில் என்ற ஒன்று உண்மையில் உருவானது இதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம். ஒற்றைத் தண்டில் கோணம் இரும்பிலேயே இருந்தது. இப்போது ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழும் இரண்டு கைகள், புஷ்கள், முளைகள், ஸ்பிரிங் ஆகியவற்றின் தயவில் நிற்கிறது. ஒன்று தேய்ந்தாலும் கோணம் மாறும். மாறினால் தகடு வைத்தோ கோணல் போல்ட்டைத் திருகியோ சரிசெய்யவும் வழி வைத்தார்கள். வழி இருந்ததால் அதைத் தெரிந்த ஆளும் அளக்கும் கருவியும் தேவைப்பட்டன.

இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் இருந்த ‘பேர்’ நிறுவனம் அந்தக் கருவிகளுக்குப் பேர்போனது. அமெரிக்க ஊர்களில் பட்டறை வாசலில் சிரிக்கும் கரடிப் பலகை தொங்கினால், உள்ளே அலைன்மெண்ட் பார்க்கிறார்கள் என்று பொருள். இண்டியானாபொலிஸ் பந்தயக் கார்களையும் அவர்கள் சோதித்துக் கொடுத்தார்கள். இரும்புத் தண்டு அச்சுள்ள லாரி வந்தால், அதைச் சூடாக்காமலே நீரழுத்த ஜாக்கியால் வளைத்துக் கேம்பரைத் திருத்துவார்கள். காஸ்டர் குறைந்திருந்தால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு. நம் ஊர் லாரிப் பட்டறைகளிலும் அந்த ஆப்பு இன்றும் பழக்கத்தில் உள்ளது.

காஸ்டரை அளப்பது மட்டும் கொஞ்சம் தந்திரமான வேலை. சரிந்திருக்கும் அச்சு உள்ளே மறைந்து கிடக்கிறது, அதில் கருவியை வைக்க முடியாது. எனவே சக்கரங்களைச் சுழல் தட்டுகளில் ஏற்றி, 20 டிகிரி ஒரு பக்கம் திருப்பிக் கேம்பரைப் பார்ப்பார்கள்; மறுபக்கம் 20 டிகிரி திருப்பி மறுபடி பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர். ரசமட்டக் குமிழி வைத்த கருவியில் இந்தப் பெருக்கல் அளவுகோலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைய கணினி இயந்திரமும் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்வது இதே கணக்குக்காகத்தான்.

பிரிட்டனில் டன்லப் கண்ணாடிகள் வைத்த கருவியைப் பரப்பியது. செயின்ட் லூயிஸில் லீ ஹன்டர் 1936இல் பேட்டரி சார்ஜருக்காகத் தொடங்கிய நிறுவனம், 1950களில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி அளக்கும் இயந்திரங்களுக்கு வந்தது. கோணம் சிறிதாகச் சிறிதாகக் கண் போதாமல் போயிற்று. மாடல் டியின் 3 அங்குலச் சாய்வு வாசலில் நின்றாலே தெரியும். அரை டிகிரியைக் கண்டுபிடிக்க ஒளியை நீள ஓட்டிப் பெரிதாக்க வேண்டும்.

சாய்வு பின்சக்கரத்திலும் கவனிக்க வேண்டியது என்பதை ஒரு சர்ச்சை சொல்லிக்கொடுத்தது. 1960 மாடலாக வந்த செவர்லே கோர்வேர் காருக்குப் பின்னால் எஞ்சின். பின் அச்சுகள் உள்முனையில் மட்டும் மூட்டு வைத்து ஊசலாடும் வகை. வேகமாக வளைவில் போனால் பின்பாகம் எழும்பி, சக்கரம் அடியில் மடங்கும். நிறுவனம் நம்பியிருந்த தடுப்பு, டயர் காற்று: முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26. எந்தப் பெட்ரோல் பங்க் பையன் அப்படி அடிப்பான்? ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே கோர்வேருக்கு எதிரானது. மற்ற சமகாலக் கார்களைவிட இது ஆபத்தானது அல்ல என்று அமெரிக்க அரசின் 1972 அறிக்கை சொன்னபோது, கார் உற்பத்தி நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே ஊசல் அச்சு சென்னைச் சாலைகளில் சத்தமில்லாமல் ஓடியது. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டைப் பின்னால் ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்வாங்கித் தொங்கும். முன்சக்கரங்கள் மிக ஆழமாகத் திரும்புவதால் 25 அடி வட்டத்தில் வண்டி சுழன்றுவிடும். அக்காலத்தில் அதை ஓட்டியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வது இந்தத் திருப்பத்தைத்தான்.

பத்மினியும் ஹெரால்டும் ஓடிய காலத்தில் கேம்பரைக்கூடத் தகடு வைத்து மாற்ற முடிந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். செவர்லேயின் சிறிய கார்த் திட்டம் ஒன்று 1947இல் கைவிடப்பட, ஃபோர்டுக்குப் போன ஏர்ல் மெக்ஃபெர்சனின் யோசனை. 1950இல் பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சலிலும் செஃபிரிலும் பரவலாக வந்தது. மேல்கை இல்லை, ஷாக் அப்சார்பரே தூணாக நிற்கிறது. மலிவு, இடம் மிச்சம். ஆனால் இந்த வகைக் கார்கள் பலவற்றில் கேம்பரும் காஸ்டரும் தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். மாற்ற முடிவது டை ராடைத் திருகி டோ ஒன்றை மட்டும். கூடவே ரேடியல் டயர் வந்தது. 1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற அந்த டயர், சாய்ந்து நின்றால் பழைய டயர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுக்காது. தட்டையாகத் தரையில் படிந்து ஓடுவதே அதற்குப் பிடிக்கும். மாடல் டியின் 3 டிகிரி, முக்கால், அரை என்று சுருங்கி, பல கார்களில் பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கமும் போனது.

இங்கே வாடிக்கையாளர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று அலைன்மெண்டுக்கு விடுகிறார்கள். டோவைத் திருத்திக் காகிதம் கொடுக்கிறார்கள். இழுப்பு அப்படியே இருக்கிறது. முன்சக்கரங்களின் டோ தவறை இரு பக்கமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டீயரிங் கோணலாக நிற்கலாம், டயர் தேயலாம், ஆனால் இழுப்பு பொதுவாக அதனால் வருவதில்லை. இட-வலக் கேம்பரோ காஸ்டரோ வேறுபட்டால், பிரேக் பிடித்துக்கொண்டால், ரேடியல் டயரின் உள்பட்டைகள் ஒரு பக்கமாக விலகிச் செய்யப்பட்டிருந்தால், காற்று குறைந்தால் இழுக்கும். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை: இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். இதையெல்லாம் பார்க்காமல் லேசரில் அளப்பது கண்கட்டு வித்தை. டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றை அசைத்துப் பார்க்காத பட்டறையில் அளவு எத்தனை தசமம் வரை வந்தாலும் பயனில்லை.

டயரே ஓரளவு சொல்லிவிடும். ஒரு தோள்பட்டை மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் மிருதுவாகவும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்று போதவில்லை.

1980களில் முன்சக்கர இழுவை கார்கள் பெருக, பின்சக்கரத்தையும் அளப்பது கட்டாயமாயிற்று. மெர்சிடிஸ் 1982இல் 190 காரில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து கைகளால் பிடித்து, அதன் கோணத்தையும் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. பின்சக்கரங்கள் சேர்ந்து வண்டியை எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அதற்கு ஏற்றபடி முன்சக்கரங்களை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். 1995இல் ஜான் பீன் நிறுவனம் சக்கரத்தில் புள்ளி போட்ட பலகையை மட்டும் மாட்டி, எதிரே கம்பத்தில் வைத்த கேமராவால் அளக்கும் இயந்திரத்தை விற்கத் தொடங்கியது. வண்டியைச் சிறிது பின்னுக்கும் முன்னுக்கும் உருட்டினால், புள்ளிகள் நகரும் விதத்தைப் பார்த்துக் கணினி அச்சின் திசையைக் கண்டுபிடித்துவிடும். இப்படிப்பட்ட இயந்திரங்களை உள்நாட்டிலேயே தயாரிக்கும் நிறுவனங்களுள் ஒன்று புதுச்சேரியின் மானாடெக்.

ஜப்பானின் ‘ஷாகென்’ கட்டாயச் சோதனை இந்தக் கோணங்களில் எதையும் தனியே கேட்பதில்லை. பக்கவாட்டில் நழுவக்கூடிய ஒரு தட்டின்மேல் வண்டியை நேராக ஓட்டச் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் ஓட்டத்துக்குத் தட்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தேர்ச்சி இல்லை. கமிங் தன் கூம்புகளை உருட்டிச் சொன்ன அதே இழுபடலைத்தான் அந்தத் தட்டும் அளக்கிறது.

இப்போது சக்கரத்தைத் திருத்தியதோடு வேலை முடிவதில்லை. 1995இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமாகி, பிறகு பரவிய சறுக்கல் தடுப்பு அமைப்பு, ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்பதை ஸ்டீயரிங்கில் உள்ள உணரி மூலம் அறிகிறது. டோவைத் திருத்தி ஸ்டீயரிங்கின் நடுநிலை மாறினால் அந்த உணரிக்கும் புதிய பூஜ்யம் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். கண்ணாடிக்குப் பின்னால் தடம் பார்க்கும் கேமரா உள்ள கார்கள் சிலவற்றில் அதையும் மறுபடி அளவெடுத்து நிறுத்தச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பந்தயத் திடல்களிலோ பல அணிகள் வண்டியின் இருபுறமும் நூல் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் பார்த்துத்தான் டோ வைக்கின்றன. முன் அச்சைவிடப் பின் அச்சு குறுகலான வண்டிகளில் நூலைச் சக்கரங்களை ஒட்டிக் கட்டக் கூடாது. அந்த அகல வித்தியாசத்தில் பாதியைப் பக்கத்துக்குப் பக்கம் கழித்த பிறகே இரு நூல்களும் இணையாகும்.